ஊரும் சேரியும் காலனியும்

மனிதருக்கு வாழ்வும் தாழ்வும் உள்ளதுபோலச் சொற்களுக்கும் உண்டு. ஒரு காலத்தில் புலவர் அவையில் வீற்றிருந்த சொல், பிற்காலத்தில் நாவில் வைக்கவும் கூசுகின்ற சொல்லாகிவிடுகிறது. எழுத்தும் அதுவே, ஒலியும் அதுவே. பொருள் மட்டும் மெல்ல மெல்லக் கறுத்துப் போகிறது. இதனை மொழிநூலார் 'இழிபொருட்பேறு' என்பர். மொழியாராய்ச்சி செய்யும் புலமை எனக்கில்லை. ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் எழுத்தன் நான். ஆயினும், இரு மொழிகள் கைகோத்து நிற்கும் இம்மீனாட்சிபுரத்து எல்லையில் வாழ்பவருக்குச் சொற்களின் ஏற்றத்தாழ்வு நாள்தோறும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. நம் சங்கத்தின் ஆண்டுவிழா மலரில் அதைப்பற்றிச் சிறிது ஆராய்வது பயனுடையது என எண்ணுகிறேன்.

'நாற்றம்' என்னும் சொல்லை யாவரும் அறிவர். மலரின் மணத்தையே முன்னோர் நாற்றம் என்றனர். திருவள்ளுவர் அரும்பினுள் அடங்கிய மணத்தைக் குறிக்க இச்சொல்லையே ஆண்டார். இன்று ஒருவரிடம் "உங்கள் வீட்டில் நாற்றம் வருகிறது" என்றால், அத்துடன் நட்பு முறிந்துவிடும். 'சூழ்ச்சி' என்பது நன்கு எண்ணி ஆராய்தலைக் குறித்த சொல். வினைசெயல்வகை கூறுமிடத்து வள்ளுவர் அப்பொருளிலேயே அதனை வைத்தார். இன்று சூழ்ச்சி செய்பவன் வஞ்சகன். 'கிழவன்' என்றால் உரிமையுடையவன், தலைவன். தொல்காப்பியத்தில் காதல் தலைவனும் தலைவியும் கிழவன், கிழத்தி எனப்படுகின்றனர். இன்றோ முதியவரை அச்சொல்லால் அழைப்பது மரியாதைக் குறைவு.

நம் எல்லைக்கு மறுபக்கம் பாருங்கள். தமிழில் 'தந்தை' என்பது ஏட்டுக்குரிய உயர்ந்த சொல். மலையாளத்தில் 'தந்த' என்றால் சண்டைக்கு அழைத்ததாகப் பொருள். தாயைத் 'தள்ளை' என்பது சேரநாட்டுப் பகுதி வழக்கு எனப் பழைய உரையாசிரியர்கள் காட்டுகின்றனர். அச்சொல் இன்றும் அங்கே உயிருடன் இருக்கிறது. ஆனால் பெற்ற தாயைப் பிறர் அவ்வாறு சுட்டினால் எந்தப் பிள்ளையும் பொறுக்கமாட்டான். ஒரே வேரில் முளைத்த சொல் மலைக்கு இப்பால் ஒரு மதிப்பும் அப்பால் ஒரு மதிப்பும் பெறுகிறதென்றால், இழிவு சொல்லில் பிறப்பதன்று என்பது தெளிவு. அது எங்கிருந்து வந்து சேர்கிறது என்பதே நாம் காணவேண்டியது.

பதியன் போட்ட சொல்

இதற்கு உலக வரலாற்றில் சிறந்த சான்று 'புரோபகாண்டா' என்னும் சொல். இலத்தீனில் இதன் வேர்ச்சொல் கொடிக்குப் பதியன் போட்டுப் பெருக்குவதைக் குறித்தது. தோட்டக்காரனின் சொல் அது. 1622ஆம் ஆண்டில் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியார் கத்தோலிக்க சமயத்தைப் பரப்புவதற்கென உரோமையில் ஒரு சபையை நிறுவினார். 'விசுவாசத்தைப் பரப்புவதற்கான சபை' என்பது அதன் பெயர். அப்பெயரில் உள்ள சொல்லே புரோபகாண்டா. நம் நாட்டிலும் போர்ச்சுகல் மன்னரின் 'பதுரவாதோ' உரிமைக்கும் இந்தப் புரோபகாண்டா சபைக்கும் நெடுங்காலம் பூசல் நிகழ்ந்து, 1886ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஒருவாறு அடங்கியது. அக்காலத்துத் தமிழ்க் கத்தோலிக்கருக்குப் புரோபகாண்டா என்பது வசைச்சொல் அன்று. தங்கள் பங்கு எந்த மேற்பார்வையின்கீழ் உள்ளது என்பதைச் சொல்லும் சொல்.

பின்னர் 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. போரிட்ட அரசுகள் மக்களின் மனத்தைத் தம்பக்கம் திருப்பத் தனி அலுவலகங்களை அமைத்தன. செர்மானியர் இறந்த வீரர்களின் உடல்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கின்றனர் என்னும் கொடிய செய்தி 1917இல் பிரிட்டன் பத்திரிகைகளில் பரவியது. அதற்கு ஆதாரமில்லை என்ற செர்மானிய அரசின் மறுப்பை 1925இல் பிரிட்டன் அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லேன் பாராளுமன்றத்திலேயே ஏற்றுக்கொண்டார். நம்பி ஏமாந்த மக்கள் பொய்யரை மட்டும் வெறுக்கவில்லை. பொய்யர் ஏறிவந்த சொல்லையும் வெறுத்தனர். 1933இல் இட்லரின் அரசு கோயபல்சின் தலைமையில் அச்சொல்லைத் தாங்கிய அமைச்சகத்தையே நிறுவியது. அதன்பின் அச்சொல் கரையேறவே இல்லை. உரோமைச் சபைகூட 1967இல் 'மக்களுக்கு நற்செய்தி அறிவிக்கும் சபை' எனப் புதுப்பெயர் சூடிக்கொண்டது.

ஆனால் ஒரு வியப்பைக் கவனியுங்கள். அதே பொருளுடைய நம் 'பிரசாரம்' அந்தப் பள்ளத்தில் முழுதும் விழவில்லை. காந்தியடிகளின் முயற்சியால் 1918இல் சென்னையில் தொடங்கிய இந்திப் பணி, 'பிரசார சபா' என்னும் பெயரைத் தயக்கமின்றித் தாங்கிற்று. தேர்தல் பிரசாரம், சுகாதாரப் பிரசாரம் என இன்றும் கூசாமல் சொல்கிறோம். தீய கருத்து வேண்டுமாயின் 'பொய்ப் பிரசாரம்', 'விஷமப் பிரசாரம்' என்று முன்னே ஓர் அடைமொழி சேர்க்கிறோம்.

இதிலிருந்து ஓர் எளிய உரைகல் கிடைக்கிறது. தீய பொருளைத் தர அடைமொழி தேவைப்படும் சொல், இன்னும் வீழாத சொல். நல்ல பொருளைத் தர அடைமொழி தேவைப்படும் சொல், வீழ்ந்துவிட்ட சொல். இவ்வுரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு, நம் வீட்டு வாசலிலேயே நிற்கும் ஒரு சொல்லை உரைத்துப் பார்ப்போம். அச்சொல் 'காலனி'.

உழவனின் சொல்

காலனியும் இலத்தீன் வழிவந்ததே. நிலத்தை உழுது பண்படுத்துதல் என்னும் வினையிலிருந்து உழவனுக்குப் பெயர் வந்தது. உழவர் குடியேறிய இடம் 'கொலோனியா' ஆயிற்று. உரோமர் தாம் வென்ற நாடுகளில் படைவீரருக்கு நிலமளித்துக் குடியமர்த்திய ஊர்கள் இப்பெயர் பெற்றன. செர்மனியின் கொலோன் நகரம் இன்றளவும் அப்பெயரையே பெருமையுடன் சுமக்கிறது. பின்னர்க் கடல்கடந்து பிற நாடுகளைப் பற்றிய ஐரோப்பியர் தம் ஆட்சிநிலங்களைக் காலனிகள் என்றனர். அவ்வாட்சியின்கீழ் நம் நாட்டுக்குள் வந்தபோது, திட்டமிட்டு வரிசையாகக் கட்டிய குடியிருப்பு என்னும் சாதாரணப் பொருளையும் இச்சொல் கொண்டது.

ரயில்வே இச்சொல்லை நன்றாகவே வளர்த்தது. ஒலவக்கோட்டில் ரயில்வே காலனி என்றால் வரிசை வீடுகளும் நிழல்மரங்களும் தண்ணீர்க் குழாயும் நினைவுக்கு வரும். டில்லியில் டிபன்ஸ் காலனி செல்வர் வாழும் பகுதி. வங்கி ஊழியர் காலனி, ஆசிரியர் காலனி, மின்வாரியக் காலனி என எத்தனையோ உள. அங்கு வாழ்பவர் எவரும் தம் முகவரியைச் சொல்லத் தயங்கியதில்லை.

நிற்க. இப்பெயர்கள் ஒவ்வொன்றின் முன்னும் ஓர் அடைமொழி நிற்பதைக் காண்க. ரயில்வே, வங்கி, ஆசிரியர் என்னும் அம்முன்சொல்லை எடுத்துவிட்டு வெறுமே 'அவன் காலனிக்காரன்' என்று சொன்னால், தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதற்குப் பொருள் ஒன்றே. ஊருக்குப் புறத்தே தாழ்த்தப்பட்டோர் வாழும் பகுதியைச் சேர்ந்தவன் என்பதே அது. அரசு அம்மக்களுக்குத் தொகுப்பு வீடுகள் கட்டித் தந்து காலனி எனப் பெயரிட்டது. பெயர் புதிது, ஆனால் வீடுகள் எழுந்த இடம் பழைய இடமே. சேரி இருந்த திசையிலேயே காலனி எழுந்தது. சேரியின் மீதிருந்த இழிவு, வீடு மாறிக் குடியேறுவதுபோலப் புதுப்பெயரினுள் வந்து குடியேறிற்று.

கேரளத்தின் கதையும் வேறன்று. 1972இல் சி. அச்சுத மேனன் அமைச்சரவையில் வீட்டுவசதிப் பொறுப்பேற்றிருந்த எம்.என். கோவிந்தன் நாயர், ஏழைகளுக்கு இலட்சம் வீடுகள் கட்டும் திட்டத்தைத் தொடங்கினார். கூரையற்றவருக்குக் கூரை தந்த பெரும்பணி அது. அதன் பயனாக எழுந்தவை 'இலட்சம் வீடு காலனி'கள். காலப்போக்கில் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளவும், திரைப்படத்தில் முரடனை அறிமுகப்படுத்தவும் அப்பெயர் பயன்பட்டது. கூரை கொடுத்தவரின் கருணை மறந்தது. கூரையின்கீழ் இருந்தவரின் வறுமை மட்டும் சொல்லில் ஒட்டிக்கொண்டது.

எல்லையில் இடம்மாறிய இரு சொற்கள்

காலனிக்கு முன்னோடியான 'சேரி'யின் கதை இன்னும் சுவையுடையது. மக்கள் சேர்ந்து வாழும் இடம் சேரி. அவ்வளவே அதன் பழம்பொருள். முதற் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்குப் புகழ்பெற்றவை. வேதியர் வாழ்ந்த அவ்வூரில் முப்பது குடும்புகளும் பன்னிரண்டு சேரிகளும் இருந்தன. அதாவது வேதம் ஓதிய அந்தணரும் சேரியிலேயே குடியிருந்தனர். எவரும் அதை இழிவெனக் கருதவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீங்கிய நிலங்களின் பட்டியலைப் பார்க்கிறோம். கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி எனத் தொழிலாலும் குலத்தாலும் பிரிந்த சேரிகள் அதில் வருகின்றன. 'தீண்டாச்சேரி' என்னும் பெயரும் வருகிறது. அக்கல்வெட்டுகளிலும் சேரி என்னும் சொல் தனித்து நிற்கும்போது குற்றமற்றதே; இழிவைச் சுமப்பது அதன் முன்னே நிற்கும் 'தீண்டா' என்னும் அடைமொழி. பிற்காலத்தில் அடைமொழி உதிர்ந்தது. இழிவு மட்டும் சொல்லுக்குள் தங்கிவிட்டது. நாம் கண்ட உரைகல் இங்கும் பொருந்துகின்றதன்றோ?

கேரளத்திலோ சேரி தன் பழைய மதிப்பை இழக்கவில்லை. தலச்சேரி, சங்ஙனாசேரி, மட்டாஞ்சேரி, நம் பாலக்காட்டு மாவட்டத்துச் செர்ப்புளச்சேரி ஆகிய எவ்வூராரும் தம் ஊர்ப்பெயரைச் சொல்லக் கூசுவதில்லை. ஆனால் 'ஊர்' என்னும் சொல்லுக்கு அங்கே வேறுவிதமான விதி நேர்ந்தது. தமிழ்நாட்டில் 'ஊர்' என்றால் மதிப்புடையோர் வாழும் பகுதி. ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது. கேரளத்திலோ குருவாயூர், திருச்சூர், சிற்றூர் என ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்கும்போது அதற்குப் பெருமை உண்டு. தனித்து 'ஊரு' என்றால் அட்டப்பாடி போன்ற இடங்களில் பழங்குடியினர் வாழும் குடியிருப்பு எனப் பொருள்படும். ஒருபுறம் உயர்ந்தோர் இருக்கை எனப்பட்ட சொல் மறுபுறம் ஒதுக்கப்பட்டோர் இருக்கையாயிற்று. ஒருபுறம் ஒதுக்கப்பட்ட சொல் மறுபுறம் நகரங்களின் பெயராய் நின்று விளங்குகிறது. நடுவே உள்ளது ஒரு சோதனைச் சாவடி அளவு தொலைவுதான்! சொல் என்ன பாவம் செய்தது? அச்சொல் குறித்த இடத்தில் யாரைக் குடிவைத்தோம், அவரை எப்படி நடத்தினோம் என்பதே அதன் தலையெழுத்தை எழுதிற்று.

இரண்டு அரசாணைகள்

2024ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள், கேரள அமைச்சராயிருந்த கே. ராதாகிருஷ்ணன், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வாழிடங்களைக் 'காலனி', 'சங்கேதம்', 'ஊரு' என்னும் சொற்களால் குறிப்பதை நிறுத்த ஆணையிட்டார். நம் மாவட்டத்தைச் சார்ந்த ஆலத்தூர்த் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்திற்குத் தேர்வு பெற்று, அமைச்சர் பதவியிலிருந்து விலகும் வேளையில் செய்த பணி அது. அவற்றுக்கு மாற்றாக 'நகர்', 'உன்னதி', 'பிரகிருதி' முதலிய பெயர்கள் கூறப்பட்டன. அடுத்த ஆண்டில், 2025 ஏப்ரல் 29ஆம் நாள், தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், 'காலனி' என்னும் சொல் தீண்டாமையின் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டமையால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என அறிவித்தார். ஓராண்டு இடைவெளியில், எல்லையின் இருபக்கத்து அரசுகளும் ஒரே சொல்லுக்கு விடைகொடுத்தன.

இதனைக் கேட்ட சிலர், "பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா?" என்றனர். வேறு சிலர், "பெயரே பெரிய விலங்கு, அதை உடைத்தாக வேண்டும்" என்றனர். இரண்டிலும் உண்மையுண்டு. தீர்ப்பு வழங்குமுன் வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டுவது நலம்.

பெயர் மாறியும் மாறாதவை

நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். பெயரை மென்மையாக்கும் கலை தமிழருக்குப் புதிதன்று. எனினும் நன்காடு என்றதால் சுடுகாட்டில் எரியும் தீ குளிர்ந்துவிடவில்லை.

ஒடுக்கப்பட்ட மக்களின் பெயர் வரலாற்றைக் காண்போம். 'பஞ்சமர்' என்னும் பெயரை வேண்டாவென்று, எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு 'ஆதி திராவிடர்' என்னும் பெயரை ஏற்றது. 1932ஐ ஒட்டிக் காந்தியடிகள் 'ஹரிஜன்' என்னும் பெயரைப் பரப்பி, 1933இல் அப்பெயரிலேயே வார ஏடும் தொடங்கினார். நல்லெண்ணத்தில் வந்த பெயரே. ஆயினும் அதனை டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை. காலப்போக்கில் அப்பெயரே ஏச்சுச்சொல்லாயிற்று. 1982இல் மத்திய அரசு, சான்றிதழ்களில் அச்சொல்லை எழுதலாகாதென அறிவுறுத்தியது. ஒவ்வொரு புதுப்பெயரும் வெள்ளைத் துணியாக வந்தது. பழைய அழுக்கையே மீண்டும் அதில் துடைத்தனர்.

இதற்கு நேர்மாறான வழியையும் ஒருவர் காட்டினார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் சூட்டினார். பிறர் கல்லாக எறிந்த சொல்லைக் கையிலேந்திக் கொடியாக உயர்த்தினார். பெயரைத் துறப்பதும் துணிவு. பெயரைத் தாங்கி நிற்பதும் துணிவு. எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை அப்பெயரால் காயப்பட்டவருக்கே உரியது.

ரயில்வேயிலும் இதற்குச் சான்றுகள் உள. வேலைக்குரிய ஊதியமே 'கூலி'. வள்ளுவர் முயற்சிக்குக் கிடைக்கும் பயனையே கூலி என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தத் தொழிலாளரைக் கப்பலேற்றி மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் அனுப்பிய வெள்ளையர், அம்மக்களையே 'கூலி' என்றனர். உழைப்பின் பயன் உழைப்பவனுக்கு வசையாயிற்று. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார். 2016ஆம் ஆண்டு ரயில்வே வரவு செலவுத் திட்டத்தில், நிலையங்களில் சுமைதூக்குவோர் இனிச் 'சகாயக்' எனப்படுவர் என அறிவிக்கப்பட்டது. பிளாட்பாரத்தில் இன்றும் 'போர்ட்டர்' என்ற குரலே கேட்கிறது. தலைச்சுமையின் எடையும் குறையவில்லை.

மூன்றாம் வகுப்பின் கதை இதனினும் தெளிவானது. அவ்வகுப்பில் பயணம் செய்தோர் பட்ட துன்பத்தைக் காந்தியடிகள் 1917இலேயே எழுதினார். தரக்குறைவான எதையும் 'மூன்றாந்தரம்' என்று சொல்லும் வழக்கு நம் மொழியிலும் வேரூன்றியது. 1974இல் ரயில்வே மூன்றாம் வகுப்பை ஒழித்தது. ஒழித்தது எப்படி? பழைய மூன்றாம் வகுப்பே இரண்டாம் வகுப்பு என்னும் பெயரைப் பெற்றது. பயணிகள் அதே மரப்பலகையில்தான் படுத்தனர். 1977இல் மது தண்டவதே ரயில்வே அமைச்சரான பின்னரே இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு மெத்தை வந்தது. மக்கள் இன்று 1974ஆம் ஆண்டுப் பெயர்மாற்றத்தை மறந்துவிட்டனர், மெத்தையை மறக்கவில்லை. பெயர் பலகையில் மாறினால் போதாது. பலகையே மெத்தையாக மாறவேண்டும் என்பதே இதன் பாடம்.

நம் கடமை

இனி நம்மிடம் வருவோம். நம் மீனாட்சிபுரம் அமைந்த சிற்றூர்த் தாலுகா முன்பு கொச்சி சமஸ்தானத்தைச் சார்ந்திருந்து, 1956 நவம்பர் முதல் நாள் கேரளத்தின் பகுதியாயிற்று. நாம் மொழியால் சிறுபான்மையோர். நம்மையும் 'பாண்டி' என்று இளக்காரமாகச் சொல்வோர் உண்டு. பாண்டியர் முத்தமிழ்ச் சங்கம் வளர்த்த மரபினர். அப்பெயர் ஏளனமாக நம் காதில் விழும்போது நெஞ்சு சுடுகிறதல்லவா? அந்தச் சூட்டை அறிந்த நாம், பிறரைச் சுடும் சொல்லை நம் வாயில் வைத்திருக்கலாமா?

நம் குடியிருப்பின் முகப்பில் உள்ள 'காலனி' என்னும் சொல்லையும் எடுத்துவிட வேண்டுமா என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். நல்ல கேள்வி. என் கருத்து இதுவே. சம்பளமும் வீடும் பெற்று வாழும் ஊழியர் குடும்பங்களாகிய நம்மை அச்சொல் என்றும் காயப்படுத்தியதில்லை. ஆகையால் அதை நீக்குவதில் நமக்குப் பெருமையும் இல்லை, வைத்திருப்பதில் இழிவும் இல்லை. ஆனால் "அந்தக் காலனிப் பிள்ளைகளோடு சேராதே" என்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்வோமாயின், நம் முகப்புப் பலகையில் பொன்னெழுத்தில் எப்பெயர் பொறித்தாலும் பயனில்லை. அந்த ஒரு வாக்கியத்தில்தான் சொற்கள் கறுக்கின்றன.

நம் பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பிளாச்சிமடையை நினைத்துப் பாருங்கள். குளிர்பான ஆலை தங்கள் கிணற்று நீரைக் கெடுத்துவிட்டதென 2002 ஏப்ரல் 22ஆம் நாள் போராட்டம் தொடங்கியவர்கள் அங்குள்ள காலனிகளில் வாழ்ந்த பழங்குடி மக்கள். மயிலம்மா என்னும் பெண்மணி அவர்களுக்கு முன்னின்றார். 2004இல் ஆலை நின்றது. அந்த நாள்களில் உலகின் பல பகுதிகளிலிருந்து அறிஞரும் பத்திரிகையாளரும் வழிகேட்டு வந்தது அந்தக் காலனிக்குத்தான். இகழப்பட்ட சொல்லுக்கு அம்மக்கள் தம் செயலால் ஓர் ஒளி தந்தனர். அரசாணையால் ஒரு சொல்லை அகற்றலாம். அதற்கு மதிப்பை அளிப்பது மக்களின் வாழ்வே.

ஆகவே, அரசுகள் பெயரை நீக்கியது நன்று, அது முதற்படி. அடுத்த படிகளாகிய குடிநீர், பாதை, பட்டா, சுடுகாட்டுரிமை ஆகியவை அந்தப் 'நகர்'களுக்கும் 'உன்னதி'களுக்கும் வந்து சேரவேண்டும். வாராவிடில், இன்னும் இருபது ஆண்டுகளில் 'உன்னதி' என்னும் அழகிய சொல்லும் ஏச்சாகிவிடும். அதை நீக்க மற்றோர் ஆணை பிறக்கும். அப்படி நேராமற் காப்பது அரசின் கையில் பாதி. நம் நாவின் கையில் பாதி. நம் சங்கத்தார் தம் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொற்களைக் கற்பிக்கையில், ஒவ்வொரு சொல்லின் பொருளோடு அச்சொல் யாரைச் சுட்டது என்பதையும் சேர்த்துக் கற்பிப்பாராக. அதுவே மொழிக்கும் மனிதருக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!